சரக்கும் சந்தையும்: அமெரிக்கக் கறுப்பினப் பெண் இயக்குநர்கள்

நான் ஜவுளி வியாபாரி. சினிமாவை முறையாகப் படித்தவன் அல்லன். பகலில் கடை, இரவில் புத்தகம் என்று நாற்பது வருஷம் ஓடிவிட்டது. எந்த வரலாற்றைப் படித்தாலும் 'சரக்கு இருந்ததா?' என்பதோடு நிற்காமல், 'அது சந்தைக்கு வந்ததா?' என்றும் கேட்பது என் வழக்கம். பெரிய ஸ்டூடியோக்களைச் சாராமல் படம் எடுத்த அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் வரலாற்றுக்கு இந்தக் கேள்வி ரொம்பவே பொருந்துகிறது. மூன்று பேரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாமவர் ஜெஸ்ஸி மேப்பிள். நியூயார்க் ஒளிப்பதிவாளர் தொழிற்சங்கத்தில் இடம்பிடித்த முதல் கறுப்பினப் பெண். சங்க அட்டை கிடைத்தும் வேலை தர ஆளில்லை. தொலைக்காட்சி நிலையங்கள்மீது வழக்குப் போட்டுத்தான் வேலை வாங்கினார். அந்த அனுபவத்தை 1977-இல் புத்தகமாகவே எழுதினார். 1981-இல் மிகச் சொற்பப் பணத்தில் 'வில்' என்ற முழுநீளப் படத்தை எடுத்தார். போதைப் பழக்கத்திலிருந்து மீளப் போராடும் ஒருவன், தெருவில் திரியும் சிறுவனுக்கு ஆதரவு தரும் கதை. சரி, எடுத்தாயிற்று, எங்கே காட்டுவது? 1982-இல் கணவரோடு சேர்ந்து, ஹார்லெமில் தம் வீட்டின் கீழ்த்தளத்தையே திரையரங்கம் ஆக்கிவிட்டார். சந்தை கிடைக்காதவர் தாமே கடை திறந்தார் என்று சொல்லலாம். 2023-இல் காலமானார்.

இரண்டாமவர் கேத்லீன் காலின்ஸ், நியூயார்க் சிட்டி கல்லூரிப் பேராசிரியை. 1982-இல் 'லூசிங் கிரவுண்ட்' படத்தை இயக்கினார். தத்துவம் கற்பிக்கும் ஒரு கறுப்பினப் பேராசிரியையும் அவளுடைய ஓவியக் கணவனும் பற்றிய கதை. சேரியும் துப்பாக்கியும் இல்லாத கறுப்பினக் கதை அது. அவர் உயிரோடிருந்தவரை அது தியேட்டர்களில் முறையாக வெளியாகவில்லை. 1988-இல், 46 வயதில், புற்றுநோயால் இறந்துபோனார். மகள் நீனா விட்டுவிடவில்லை. அவர் முயற்சியால் படம் புதுப்பிக்கப்பட்டு, 2015-இல் நியூயார்க் லிங்கன் சென்டரில் திரையிடப்பட்டது. விமரிசகர்கள் கொண்டாடினார்கள். 2020-இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் இடம்பெற்றது. கேட்க அம்மா இல்லை.

மூன்றாமவர் ஜூலி டேஷ். லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகத்தில் பயின்ற கறுப்பின இளைஞர் கூட்டத்திலிருந்து வந்தவர். அவருடைய 'டாட்டர்ஸ் ஆஃப் த டஸ்ட்' 1991-இல் சன்டான்ஸ் விழாவில் ஒளிப்பதிவுப் பரிசு பெற்றது. கதை நடப்பது 1902-இல், தென்கிழக்குக் கடற்கரைத் தீவொன்றில். குடும்பம் பிழைப்புத் தேடி வடக்கே புறப்படுகிறது. முதிய பாட்டி மட்டும் மூதாதையர் மண்ணை விட்டு வர மறுக்கிறாள். ஊரை விட்டு வந்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

படத்தில் அந்தப் பாட்டியின் கைகள் நீலமாக இருக்கும். 18-ஆம் நூற்றாண்டில் அந்தப் பகுதியில் அடிமைகளைக் கொண்டு அவுரி பயிரிட்டுச் சாயம் எடுத்தார்கள். துணிக்காரன் கண்ணோடு பார்த்தால், அவுரிச் சாயம் தோலில் இத்தனை வருஷம் தங்காது. டேஷுக்கும் அது தெரியும். கையில் தங்காத சாயம் நினைவில் தங்கிவிடும் என்பதற்காகவே அப்படிக் காட்டினார். பரிசு பெற்ற பிறகும் பல வினியோகஸ்தர்கள் கையை விரித்தார்கள். கடைசியில் ஒரு சிறிய நிறுவனம் எடுத்துக்கொள்ள, 1992 ஜனவரியில் நியூயார்க்கில் வெளியானது. நாடு தழுவிய தியேட்டர் வெளியீடு கண்ட முழுநீளப் படங்களில், ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் ஒருவர் இயக்கிய முதற்படம் அதுதான்.

அடுத்த தலைமுறையின் ஆவா டூவர்னே இந்தப் பாடத்தைச் சரியாகப் படித்தார். 2010-இல் கறுப்பினப் படங்களுக்கென்றே வினியோக அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். 2012-இல் சன்டான்ஸில் சிறந்த இயக்குநர் பரிசு பெற்ற முதல் கறுப்பினப் பெண்ணும் அவரே.

ஆகவே, இவர்களுடைய பங்களிப்பை எண்ணும்போது எடுத்த படங்களை மட்டும் எண்ணினால் போதாது. திறந்த அரங்கம், போட்ட வழக்கு, காப்பாற்றிய பிரதி ஆகியவற்றையும் வரவில் எழுத வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

இதை எழுதும்போது என் அக்காவின் நினைவு வருகிறது. கல்யாணத்துக்கு முன் நாலு நோட்டு நிறையக் கதை எழுதியவள். ஒன்றுகூட அச்சாகவில்லை. வீடு மாறியபோது அந்த நோட்டுகள் எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.