நெறிக் காய்ச்சல் பிறந்த கதை

எங்கள் வடக்கனந்தல் பக்கம் எச்சில் பார்ப்பது அதிகம். சொம்பைத் தூக்கி அண்ணாந்துதான் தண்ணீர் குடிக்க வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூடக் கடலை மிட்டாயைச் சட்டைத் துணிக்குள் வைத்துக் காக்காக்கடி கடித்துத்தான் பங்கு போடுவார்கள்.

இந்தக் கட்டுப்பாடு செல்லாத ஒரே ஆள் கைக்குழந்தை. ஆயா குழைத்த சோற்றைத் தன் நாக்கில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு ஊட்டுவாள். முறுக்கை மென்று மாவாக்கிக் கொடுப்பாள். கன்னம் நனைய முத்தம் கொடுப்பாள். அது சப்பிய கிலுகிலுப்பையைப் பக்கத்து வீட்டுக் குழந்தை வாங்கிச் சப்பும். எப்ஸ்டைன்-பார் என்ற வைரஸ் தலைமுறை தலைமுறையாகக் கடந்து வருவது இந்த வழியில்தான்.

உலகில் பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் உடம்பில் இந்த வைரஸ் இருக்கிறது. ஒருமுறை நுழைந்தால் வெளியேறுவதில்லை. இரத்த வெள்ளணுக்களில் பி அணுக்கள் என்ற வகைக்குள் ஆயுள் முழுக்கத் தங்கியிருக்கும். அவ்வப்போது தொண்டைக்கு வந்து எச்சிலில் கலக்கும். அப்போது அந்த ஆளுக்கு ஒரு நோவும் தெரியாது, ஆயாவுக்கும் தெரியாது. பேரனுக்கு ஓரிரு நாள் உடம்பு கணகணக்கும், மூக்கு ஒழுகும். பல பிள்ளைகளுக்கு அதுகூட இல்லை.

அதே வைரஸ் பதினெட்டு வயதில் முதன்முறையாக வந்தால் ஆளைப் படுக்கையில் தள்ளிவிடும். காய்ச்சல், எச்சில்கூட விழுங்க முடியாத தொண்டை வலி, கழுத்தின் இரண்டு பக்கமும் நெறி கட்டுதல், அதன்பின் வாரக்கணக்கில் விடாத அசதி. இதற்குத்தான் மோனோநியூக்ளியோசிஸ் என்று பெயர்.

1889இல் ஜெர்மானிய மருத்துவர் எமில் பைஃபர் இதைச் சுரப்பிக் காய்ச்சல் என்று எழுதினார். 1920இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஸ்ப்ரன்ட், எவன்ஸ் என்ற இருவர், நோயாளிகளின் இரத்தத்தில் விசித்திரமான வெள்ளணுக்கள் பெருகியிருப்பதைப் பார்த்து இப்போதைய பெயரை வைத்தார்கள். எப்படிப் பரவுகிறது என்பது மட்டும் பிடிபடவில்லை. ஒரே அறையில் படுத்துத் தூங்குகிறவனுக்கு வராது; எங்கோ இருக்கிற இன்னொருவனுக்கு வரும். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியின் மருத்துவர் ராபர்ட் ஹோக்லண்ட் 1955இல் இதற்கு விடை சொன்னார். காற்றில் அல்ல, முத்தத்தில் கலக்கும் எச்சிலில் பரவுகிறது என்றார். இளைஞர்கள் அதைக் கேட்டுச் சிரித்திருக்கலாம். ஆனால் அவர் சொன்னது சரி. கிருமி எது என்பதுதான் அப்போதும் தெரியாமல் இருந்தது.

கிருமி அகப்பட்டது முற்றிலும் வேறொரு நோயைத் தேடிப் போனபோது. உகாண்டாவில் அறுவை மருத்துவராக இருந்த டெனிஸ் பர்கிட், குழந்தைகளின் தாடையில் வேகமாக வளரும் ஒரு புற்றுநோயைக் கண்டு, ஆப்பிரிக்காவில் எங்கெல்லாம் அது இருக்கிறது என்று தேடி வரைபடம் போட்டார். வெப்பமும் மழையும் உள்ள இடங்களில் மட்டும் இருந்தது. 1961 மார்ச் 22 அன்று லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் அவர் இதைப் பற்றிப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஆய்வாளர் ஆன்டனி எப்ஸ்டைன் ஒருவர். இதன் பின்னால் ஒரு வைரஸ் இருக்க வேண்டும் என்று அவருக்கு அங்கேயே பட்டுவிட்டது.

பர்கிட் கட்டியின் துண்டுகளை விமானத்தில் அனுப்பிவைத்தார். எப்ஸ்டைன் இரண்டு வருடத்துக்கு மேல் தேடினார், ஒன்றும் அகப்படவில்லை. 1963 டிசம்பரில் லண்டனில் கடும் மூடுபனி. கட்டித் துண்டோடு வந்த விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பிவிடப்பட்டது. துண்டு கைக்கு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது, அது மிதந்த திரவமும் கலங்கியிருந்தது. பாக்டீரியா புகுந்து கெட்டுவிட்டது என்று கொட்டியிருக்க வேண்டியது. எப்ஸ்டைன் ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். பாக்டீரியா இல்லை. வழி நெடுகக் குலுங்கியதில் கட்டியிலிருந்து உதிர்ந்த அணுக்கள் உயிரோடு மிதந்துகொண்டிருந்தன. அப்படித் தனித்தனியாக மிதக்கவிட்டால்தான் அவை வளரும் என்பது அந்த மூடுபனியால் தெரிந்தது.

அவரோடு இருந்தவர்கள் அயர்லாந்துப் பெண் இவோன் பார், டிரினிடாடிலிருந்து வந்த பெர்ட் அச்சோங். அணுக்களை வளர்த்தெடுத்து 1964 பிப்ரவரியில் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ் வைத்தபோது, பார்த்த முதல் கட்டத்திலேயே வைரஸ் இருந்தது. எப்ஸ்டைனுக்குப் பதற்றம். மின்கற்றை பட்டு அணுக்கள் எரிந்துவிடுமோ என்று கருவியை நிறுத்திவிட்டு, வெளியே பனியில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து மறுபடி பார்த்தார். அங்கேயே இருந்தது. மார்ச் 28இல் லான்செட் இதழில் மூவர் பெயரிலும் கட்டுரை வந்தது. வைரஸுக்கு எப்ஸ்டைன், பார் பெயர்கள் நிலைத்தன. அச்சோங் பெயர் விடுபட்டது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

புற்றுநோய்க்காகத் தேடிய இந்த வைரஸுக்கும் கல்லூரிப் பிள்ளைகளின் நெறிக் காய்ச்சலுக்கும் தொடர்பு இருப்பதை யாரும் நினைக்கவில்லை. பிலடெல்பியாவில் வெர்னர், கெர்ட்ரூட் ஹென்லே தம்பதி அந்த வைரஸை ஆராய்ந்தார்கள். அவர்களின் ஆய்வகத்தில் வேலை பார்த்த இளம்பெண் ஒருவரின் இரத்தத்தில் அதற்கான எதிர்ப்புப் பொருள் இல்லை. அதனால் ஒப்பிட்டுப் பார்க்க அவர் இரத்தத்தைத்தான் எடுப்பார்கள். 1967இல் அவருக்கு மோனோநியூக்ளியோசிஸ் வந்தது. குணமாகித் திரும்பியபோது சோதித்தால், எதிர்ப்புப் பொருள் இருந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களின் இரத்தத்தை முன்பே எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்தது. சேரும்போதே எதிர்ப்புப் பொருள் இருந்தவர்களுக்கு இந்த நோய் வரவில்லை. வந்தவர்கள் எல்லோரும் அது இல்லாதவர்கள்.

இந்தக் கதையில் முக்கியமான இடம் இதுதான் என்பேன். சிறுவயதில் வைரஸைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டவர்கள் தப்பினார்கள். சுத்தமாக, தனியறையில் வளர்ந்து, வைரஸைப் பார்க்காமலே பதினெட்டை எட்டியவர்கள் படுத்தார்கள். பதின்வயதில் முதன்முறை தொற்றுகிறவர்களில் நான்கில் ஒருவருக்காவது நோயாகவே வெளிப்படும். 1985இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் அசோக் வெங்கிட்டராமனும் ஜேக்கப் ஜானும், பிரான்சின் லியோன் நகரில் பணியாற்றிய லெனுவாரோடு சேர்ந்து, தென்னிந்தியரின் இரத்தத்தில் இந்த வைரஸின் தடத்தைத் தேடி வெளியிட்டார்கள். இங்கே தொற்று சின்ன வயதிலேயே முடிந்துவிடுகிறது. நம் கிராமங்களில் இந்த நோய் அதிகம் பேசப்படாததற்கு ஆயாவின் கைதான் காரணம்.

அதற்காக மென்று ஊட்டுங்கள் என்று சொல்ல மாட்டேன். பல்லைச் சொத்தையாக்கும் கிருமியும் அதே எச்சிலில்தான் வருகிறது. இந்த வைரஸும் சாது அல்ல. பர்கிட் கண்ட புற்றுநோய், மூக்கின் பின்புறத்துப் புற்றுநோய் இரண்டிலும் அதற்குப் பங்குண்டு. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயின் ஆபத்து இந்தத் தொற்றுக்குப்பின் சுமார் 32 மடங்கு கூடுகிறது என்று, அமெரிக்கப் படையினர் ஒரு கோடிப் பேரின் பதிவுகளைப் பார்த்து 2022இல் கண்டார்கள். அந்த நரம்பு நோய், வைரஸ் தொற்றியவர்களில் மிகச் சிலருக்கே வரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தடுப்பூசி இன்னும் இல்லை.

இன்று வீட்டுக்கு ஒரு பிள்ளை, தனித் தட்டு, தனி டம்ளர். அப்படி வளர்ந்த பிள்ளைகள் சென்னைக்கோ கோவைக்கோ படிக்கப் போய் விடுதியில் தங்குகிறார்கள். அவர்களில் ஒருவருக்கு இந்தக் காய்ச்சல் வந்தால், கூட இருப்பவர்கள் அறையைக் காலி செய்து ஓட வேண்டாம். அம்மைபோல் காற்றில் பாயும் நோய் அல்ல இது. ஒரே பாட்டிலில் வாய் வைத்துக் குடிக்காமல், ஒரே கரண்டியில் சாப்பிடாமல் இருந்தால் போதும். பெரும்பாலோருக்கு ஏற்கெனவே வந்து போயிருக்கும். வைரஸ் உள்ளே போய்க் காய்ச்சலாக வெளிப்பட நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்பதால், யாரிடமிருந்து வந்தது என்று துப்புத் துலக்குவதும் வீண்.

தொண்டை வலி என்றதும் மருந்துக்கடையில் அமாக்சிசிலின் வாங்கிப் போடுவதுதான் தவறு. வைரஸுக்கு அது கேட்காது. இந்த நோயில் அதைப் போட்டால் உடம்பெல்லாம் சிவந்து தடிப்பு வேறு எழலாம். இன்னொரு எச்சரிக்கை கபடி ஆடும் பையன்களுக்கு. இந்தக் காய்ச்சலில் மண்ணீரல் வீங்கும். வீங்கிய மண்ணீரல் ஒரு இடியில் கிழிந்துவிடக்கூடும். அரிதுதான், ஆனால் உயிருக்கு ஆபத்து. காய்ச்சல் தொடங்கி மூன்று நான்கு வாரம் களத்தில் இறங்கக் கூடாது, மூட்டை தூக்கக் கூடாது. இடது விலாவுக்குக் கீழே சுருக்கென்று வலித்து அது தோள்வரை ஏறினால், சூட்டு வலி என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். எங்கள் பக்கம் 2022 முதல் கள்ளக்குறிச்சியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.