கையெட்டும் தூரத்தில் ஒரு கையேடு

சைமன் காசிச்செட்டி 1807இல் எங்கள் கற்பிட்டியில் பிறந்தவர். புத்தளப் பகுதியில் அரச பணியில் இருந்தபடியே இலங்கையின் ஊர்கள், துறைமுகங்கள், ஆறுகள், விளைச்சல், மக்களின் வழக்கங்கள் யாவற்றையும் திரட்டினார். அவற்றை ஆங்கில அகரவரிசைப்படி அடுக்கி, 1834இல் ‘சிலோன் கெசற்றியர்’ என்ற நூலாக வெளியிட்டார். ஓர் ஊரைப் பற்றி அறிய விரும்பியவர் அதன்பின் யாரையும் தேடி அலையத் தேவை இருக்கவில்லை. பக்கத்தைப் புரட்டினால் போதும்.

அதே கற்பிட்டியில் இருந்து கணினி நிரல் எழுதிப் பிழைக்கும் எனக்கு அவர் முன்னோடி. நினைவை நம்பாதே, எடுத்துப் பார் என்பதே எங்கள் தொழிலின் முதல் பாடமும்.

யுனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேடு 1971 நவம்பர் 3ஆம் திகதியிட்டது. பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் எழுதினார்கள். ஒரு கட்டளைக்கு ஒரு பக்கம். அதில் ‘பிழைகள்’ என்றும் ஒரு தலைப்பு. தெரிந்த குறையை எழுதியவர்களே பதிந்து வைத்தார்கள். பின்னர் அந்தப் பக்கங்களைத் திரையிலேயே வரவழைக்கும் ‘மேன்’ கட்டளை வந்தது. 2001இல் வெளியான பைதன் நிரல்மொழியின் 2.1ஆம் பதிப்புடன் கா-பிங் யீ எழுதிய ‘பைடொக்’ சேர்ந்தது. ஒரே கட்டளையில் அது நம் கணினிக்குள்ளேயே சிறு சேர்வர் ஒன்றை இயக்கி, நிறுவியிருக்கும் நிரல் நூலகங்களின் விளக்கங்களை உலாவியில் காட்டும். இணையம் தேவையில்லை.

இதன் அருமையை 2022 எனக்குக் காட்டியது. மார்ச் இறுதியில் நாட்டில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. நுரைச்சோலை அனல்மின் நிலையம் எங்கள் குடாநாட்டிலேயே நிற்கிறது, ஆனாலும் இருள்தான். கைபேசிச் சமிக்ஞையும் போய்விடும். லேப்டொப்பின் பற்றரி தாங்கும்வரை அந்த உள்ளூர்ப் பக்கங்களே எனக்குத் துணை.

அதே ஆண்டு நவம்பரில் சட்ஜிபிடி வெளியானது. அதற்கு முந்தைய ஆண்டே கிற்ஹப் கோபைலட் அறிமுகமாகியிருந்தது. கேட்டவுடன் நிரல் எழுதித் தரும் இவ்வகை உதவியாளர்கள் எங்கள் வேலையின் வேகத்தையே மாற்றின. ஆனால் பயிற்சியில் படித்ததன் நினைவிலிருந்துதான் அவை பேசின. அந்த நினைவு ஒரு காலத்தோடு நின்றுவிடும். நூலகங்களோ மாறிக்கொண்டே இருக்கும். பைதன் 3.10 வந்தபோது, பழைய நிரல்கள் பல நம்பியிருந்த சில பெயர்கள் இருந்த இடத்திலிருந்து நீக்கப்பட்டன. பழைய நினைவு பழைய இடத்தையே காட்டும்.

2024 நவம்பரில் அந்த்ரோபிக் நிறுவனம், இத்தகைய உதவியாளர்களை வெளியிலுள்ள ஆவணங்களோடும் கருவிகளோடும் இணைக்கும் ‘மொடல் கொன்டெக்ஸ்ட் புரொட்டொகோல்’ என்ற திறந்த நெறிமுறையை வெளியிட்டது. 2016இல் மைக்ரோசொப்ட் தந்த ‘லாங்குவேஜ் சேர்வர் புரொட்டொகோல்’ அதற்கு ஒரு முன்மாதிரி. ஒவ்வோர் எடிட்டருக்கும் ஒவ்வொரு நிரல்மொழிக்கும் தனித்தனி இணைப்பு எழுதும் சுமையை அது போக்கியிருந்தது. இப்போது என் கணினியில் அந்த்ரோபிக்கின் நெறிமுறைப்படி சிறு சேர்வர் ஒன்று ஓடுகிறது. நான் நிறுவியுள்ள பதிப்புகளின் ஆவணங்கள் அதனிடம் இருக்கின்றன. கேள்வி எழுந்தால் உதவியாளர் அதனிடம் ‘தேடு’ என்கிறது. அது உரிய பக்கத்தை எடுத்துக் கொடுக்கிறது. படித்துவிட்டு நிரல் எழுதப்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு: ‘கற்பிட்டி’ நமக்கு ஐந்து எழுத்து. பைதனிடம் நீளம் கேட்டால் ஒன்பது என்னும். புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் யுனிகோட் தனித்தனியாக எண்ணுவதே காரணம். தமிழ் எழுத்தாகப் பிரித்து எண்ண, முத்து அண்ணாமலையும் தோழர்களும் உருவாக்கிய ‘ஓப்பன் தமிழ்’ நூலகத்தில் ‘கெட் லெட்டர்ஸ்’ என்ற ஃபங்ஷன் இருக்கிறது. ஆவணத்தோடு இணைக்காமல் கேட்டபோது, அந்த நூலகத்திலேயே இல்லாத ஒரு பெயரை உதவியாளர் உறுதியாக எழுதித் தந்தது. இணைத்த பின் சரியான பெயர் வந்தது. இணையத்தில் குறைவாகப் பேசப்படும் நூலகங்களுக்கே இந்த இணைப்பு அதிகம் தேவை. தமிழுக்கான கருவிகள் பெரும்பாலும் அந்த வகைதான்.

ஆனால் எழுதி வைக்காத பக்கத்தை எந்தச் சேர்வரும் எடுத்துத் தராது. காசிச்செட்டி எழுதியதால்தான் 1834இன் இலங்கையை இன்றும் புரட்டிப் பார்க்க முடிகிறது. தமிழுக்கு ஒரு கருவி செய்பவர் அதன் கையேட்டையும் கருவியோடு சேர்த்தே எழுத வேண்டும்: ஒவ்வொரு ஃபங்ஷனும் என்ன செய்யும், எந்தப் பதிப்பில் வந்தது, எங்கே தவறும் என்று. முன்பு மனிதர் மட்டும் படித்தார்கள். இப்போது இயந்திரமும் படிக்கிறது. ஆகவே அந்த உழைப்பின் பயன் இன்று முன்னெப்போதையும்விடப் பெரியது.