எழுத்தும் ஓர் உறுப்பு

எங்க ஊரில் பெயருக்கு முன்னால் இரண்டு பட்டம் ஒட்டிக்கொள்ளும். ஒன்று சாதி. இன்னொன்று நொண்டி, குருடு, செவிடு. இரண்டையும் நாமாக வைத்துக்கொள்ளவில்லை, ஊர் வைத்தது. என் பெரியம்மாவுக்கு இரண்டுமே இருந்தன. இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிய கால். "காலு வெளங்காத புள்ள அம்மாந்தூரம் எப்புடிப் போயி படிக்கும்?" என்று ஆறு வயதில் பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள். பன்னிரண்டு வயதில் அதே காலோடு நடவுக்குப் போனார். அப்போது யாரும் தூரத்தைப் பற்றிப் பேசவில்லை. சேத்துல எறங்க முடிஞ்ச காலு, பள்ளிக்கூடத்துக்கு மட்டும் ஆகாத காலாயிப்போச்சு.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

1890களில் இங்கே இரண்டு கதவுகள் திறந்தன. பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் என்ற மிஷனரிப் பெண் பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். அதே ஊரில் அதே பத்தாண்டில் ஸ்வெயின்சன் என்ற மற்றொரு மிஷனரிப் பெண் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். சென்னை அடையாறில் 1894இல் ஆல்காட் பஞ்சமர் பிள்ளைகளுக்கான இலவசப் பள்ளியைத் தொடங்கினார். கல்வி வரலாறு எழுதியவர்கள் இவற்றைத் தனித்தனி அத்தியாயமாக எழுதினார்கள். பஞ்சமர் பள்ளி ஒரு பக்கம், குருடர் செவிடர் பள்ளி இன்னொரு பக்கம். சேரியில் பிறந்த பார்வையற்ற பிள்ளையை எந்தப் பக்கத்தில் தேடுவது?

பள்ளி கிடைத்தாலும் எழுத்து வேண்டும். பார்வையற்றவர்களின் எழுத்து ஆறு புள்ளி பிரெயில். இந்திய மொழிகளுக்கு ஆளாளுக்கு ஒரு பிரெயில் முறை வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திய பாரதி பிரெயில் 1951இல்தான் ஏற்கப்பட்டது. சாதாரணப் பள்ளியிலேயே ஊனமுற்ற பிள்ளைகளையும் சேர்த்துப் படிக்க வைக்க மைய அரசு திட்டம் போட்டது 1974இல். சுதந்திரம் வந்து 27 வருசம் கழித்து.

அடுத்தது வேலை. 1977இல் மைய அரசு ஊனமுற்றோருக்கு 3 சதவீத இடம் ஒதுக்கியது. எங்கே? சி, டி பிரிவுகளில், அதாவது கீழ்நிலை வேலைகளில். அதிகாரி நாற்காலிகளான ஏ, பி பிரிவுகளுக்கு 1995ஆம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது. அந்த 3 சதவீதத்தை எப்படிக் கணக்கிடுவது என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2013இல். சட்டத்துக்கும் தீர்ப்புக்கும் இடையில் ஒரு தலைமுறை படித்து முடித்துச் சும்மா உட்கார்ந்திருந்தது.

எந்த வேலைக்கு எந்த ஊனமுற்றவர் பொருந்துவார் என்று அரசாங்கம் பட்டியல் போடுகிறது. ஒவ்வொரு வேலைக்கும் நேராக உடலால் என்னென்ன செய்ய வேண்டும் என்று குறித்திருப்பார்கள்: உட்காருதல், நிற்றல், நடத்தல், குனிதல், தூக்குதல், பார்த்தல், கேட்டல். அந்த வரிசையிலேயே இன்னொன்றும் இருக்கிறது: படித்தல், எழுதுதல். தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எழுத்தையும் ஓர் உறுப்பாகத்தான் அரசாங்கம் எண்ணுகிறது. அப்படியானால் அந்த உறுப்பைப் பறித்தது யார்? காலைப் பறித்தது கிருமி. எழுத்தைப் பறித்தது கிருமி இல்லை.

ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பின் டி பிரிவே இல்லாமல் போனது. மைய அரசில் கடைநிலை வேலைக்கும் பத்தாம் வகுப்பு அல்லது ஐடிஐ கேட்கும் நிலை வந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்கள். ஊனமுற்றவர் 2 கோடியே 68 லட்சம். குழந்தைகளையும் சேர்த்த இந்தக் கணக்கில் 100க்கு 45 பேருக்கு எழுத்தறிவு இல்லை. பெண்களில் 55 பேருக்கு. பத்தாவது முடித்தவர்கள், பட்டதாரிகளையும் சேர்த்து, 18 பேர்தான். ஒதுக்கீடு இருக்கிறது, வாசற்படி உயரத்தில் இருக்கிறது. தகுதியான ஆள் வரவில்லை என்று சொல்லிவிடுவது சுலபம்.

அதே கணக்கில் வேலை செய்யும் ஊனமுற்றவர்களில் 31 சதவீதம் விவசாயக் கூலிகள். யோசித்துப் பார்த்தால் வயிறு எரிகிறது. நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை முழு உடம்பைக் கேட்காது, எழுத்தைக் கேட்கும். எழுத்து இல்லாதவருக்கு மிஞ்சுவது குனிந்து நிமிர்ந்து தூக்கும் வேலை. ஆக, உடம்பு முடியாதவர்கள் தலையிலேயே உடம்பு வேலை விழுகிறது. அட்டவணைச் சாதிகளில் ஊனமுற்றோர் 2.45 சதவீதம், அட்டவணைச் சாதி, பழங்குடி அல்லாதோரில் 2.18. கல்லுடைக்கிறவன் கண்ணும், சாக்கடையில் இறங்குகிறவன் உடம்பும் எங்கே கெடுகின்றன என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

2016 சட்டம் ஒதுக்கீட்டை 4 சதவீதமாக்கியது. 21 வகை ஊனங்களை ஏற்றது. ஊனமுற்றோரும் சமூகரீதியாகப் பின்தங்கியவர்களே, மதிப்பெண் தளர்வில் அட்டவணைச் சாதி, பழங்குடியினருக்குள்ள சலுகை அவர்களுக்கும் உண்டு என்று 2020இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. நல்லது. ஆனால் இதெல்லாம் கல்லூரி வாசலிலும் வேலை வாசலிலும் பேசுகிற பேச்சு. பெரியம்மாவை நிறுத்தியது ஆறு வயதில், ஒண்ணாங்கிளாஸ் வாசலில்.

நம்மையும் கேட்டுக்கொள்வோம். நம் கூட்ட மேடைகளில் படிக்கட்டைத் தவிர வேறு வழி இருக்கிறதா? நாம் நடத்தும் இரவுப் பாடசாலைகளில் பிரெயில் பலகை ஒன்றாவது இருக்கிறதா? சைகை மொழி தெரிந்த தோழர்கள் எத்தனை பேர்? ஊர் நம்மை வெளியே நிறுத்தியது. நாம் யாரை வெளியே நிறுத்தியிருக்கிறோம்?

பெரியம்மா உதவித்தொகைக்கு இன்னும் கைநாட்டுத்தான் வைக்கிறார். அவருடைய காலுக்கு 60 சதவீதம் ஊனம் என்று சான்றிதழில் எழுதியிருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரியாமல் போனது எத்தனை சதவீதம் என்று எந்தக் காகிதத்திலும் எழுதவில்லை.