பத்தாயம்

பழைய தஞ்சாவூர் ஜில்லா வீடுகளில் மனிதர்களுக்கென்று செய்த மரச் சாமான்கள் ரொம்பக் குறைவு. உட்காரத் திண்ணை, படுக்கப் பாய், சாய்ந்துகொள்ளத் தூண். கொஞ்சம் வசதி இருந்தால் கூடத்தில் ஓர் ஊஞ்சல். தச்சனை வரவழைத்து, மாசக் கணக்கில் சாப்பாடு போட்டு, நல்ல மரமாகப் பார்த்து வாங்கிக் கொடுத்துச் செய்த சாமான்களெல்லாம் எதையாவது உள்ளே வைத்து மூடுவதற்காகத்தான். எங்கள் வீட்டில் பாட்டனாருக்குக் கட்டில் கிடையாது. நெல்லுக்கு மாளிகை இருந்தது.

அந்த மாளிகைக்குப் பத்தாயம் என்று பெயர். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சொன்னால் 'அலமாரி மாதிரியா?' என்று கேட்கிறார்கள். அலமாரி நமக்குப் போர்த்துக்கீசியன் கொடுத்த வார்த்தை. மேஜையும் சாவியும் அவன் கொடுத்ததே. பின்னாளில் அந்தச் சாமான்களை விற்றுத் தொலைக்கத் தேவைப்பட்ட 'ஏலம்' என்ற சொல்லையும் அவனே முன்யோசனையோடு கொடுத்துவிட்டுப் போனான். பீரோ பிரெஞ்சு பாஷையில் பிறந்து இங்கிலீஷ்காரன் கப்பலில் வந்தது. பெட்டியும் பேழையும் குதிரும் நம்முடையவை. துணிமணியும் நகையும் காகிதமும் பெருகிய பிறகுதான் அலமாரிக்கும் பீரோவுக்கும் வேலை வந்தது. அதுவரை ஒரு குடும்பத்தின் சொத்தென்றால் நிலமும் நெல்லும் மாடும். மாடு கொட்டிலில் நிற்கும். நிலம் வெளியே கிடக்கும். வீட்டுக்குள் வைத்துக் காக்க வேண்டியது நெல் ஒன்றுதான்.

குதிர் மண்ணால் செய்தது. ஏழை வீட்டிலும் இருக்கும். வைக்கோல் பிரி சுற்றிச் சேர் கட்டுவதும் உண்டு. பத்தாயம் அப்படியல்ல. அது இருந்தாலே அந்த வீட்டுக்காரர் பத்து வேலியோ பாதி வேலியோ, சொந்த நிலம் உள்ளவர் என்று அர்த்தம். பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன் பத்தாயத்தை ஒரு பார்வை பார்த்துவிடுவார்கள்.

எங்கள் வீட்டுப் பத்தாயம் இரண்டாம் கட்டில், அடுக்களைக்குப் போகிற வழியில் நின்றது. பலா மரம். ஒன்றரை ஆள் உயரம், 150 கலம் பிடிக்கும். தரையின் ஈரமும் எலியும் அண்டாமல் இருக்கக் கருங்கல் காலில் தூக்கி வைத்திருந்தார்கள். ஆணி கிடையாது. பலகைகளில் காடி வெட்டி, கழுந்து செருகி, நாலு பக்கச் சட்டமாக ஓர் அடுக்கு. அதன் மேல் இன்னொன்று. இப்படி ஏழு அடுக்கு. வேண்டுமென்றால் பிரித்து இன்னொரு வீட்டில் கொண்டுபோய் நிறுத்தலாம். எந்தப் பலகை எந்த இடம் என்று தெரிவதற்குத் தச்சன் ஒவ்வொன்றிலும் உளியால் கோடு போட்டிருப்பான். மூன்று கோடும் ஒரு பெருக்கல் குறியும் இருந்தால் மூன்றாம் அடுக்கு, கீழண்டைப் பக்கம். எழுத்து வாசனை இல்லாத தச்சனின் கணக்கு அது. நூறு வருஷம் கழித்துப் பிரித்தபோதும் பிசகவில்லை.

நெல்லை மேலே ஏணி வைத்துக் கொட்ட வேண்டும். எடுப்பது அடியில் இருக்கும் சின்ன வாய் வழியாக. பலகையை மேலே இழுத்தால் பொலபொலவென்று சரியும். பழைய நெல் கீழே, புது நெல் மேலே. புது அரிசி குழைந்து போகும், வயிற்றைக் கெடுக்கும் என்று பழசைத் தேடிச் சாப்பிட்ட ஜனங்களுக்கு ஏற்ற ஏற்பாடு. ஈரமாகக் கொட்டினால் நெல் வெந்து புழுங்கிவிடும் என்பதால் களத்திலேயே நன்றாகக் காய வைத்து, வேப்பிலையும் நொச்சியிலையும் இடையிடையே போட்டுக் கொட்டுவார்கள். பலகைச் சந்துகளில் சாணம் மெழுகுவது பாட்டியின் வேலை. வாயின் சாவியும் அவளிடத்தில்தான். பாட்டனார் ஊருக்கெல்லாம் மிராசுதார்; ஒரு மரக்கால் நெல் வேண்டுமென்றால் அவரும் பாட்டியிடம்தான் கேட்க வேண்டும்.

கோடைக் கடைசியில் நெல் அடிமட்டத்துக்கு வந்ததும் தானாகச் சரியாது. அப்போது வீட்டிலுள்ள சின்னப் பையனை மேலே தூக்கி உள்ளே இறக்கிவிடுவார்கள். இரண்டு வருஷம் அந்தப் பையன் நான்தான். உள்ளே இருட்டு, மூச்சு முட்டும் புழுதி, உடம்பெல்லாம் சுணை. காலால் தள்ளித் தள்ளி வாய்க்கு நெல்லை ஓட்ட வேண்டும். வெளியிலிருந்து பாட்டி, 'பேசிண்டே இருடா, நிறுத்தாதே!' என்பாள். பேச்சு நின்றால் பயம் என்று பின்னால்தான் புரிந்தது.

இந்த ஏற்பாட்டை யார் முதலில் கண்டார்கள் என்று பார்க்கப் போனால் கோயில்களுக்குத்தான் போக வேண்டும். பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில் 17-ஆம் நூற்றாண்டு நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியம் ஒன்று நிற்கிறது. வட்டமாக, கூம்பு முடியோடு, 3,000 கலம் பிடிக்கக்கூடியது. கொட்டவும் எடுக்கவும் வெவ்வேறு உயரத்தில் வாசல் வைத்திருக்கிறார்கள். ஸ்ரீரங்கத்துக் கொட்டாரங்களும் இதே ஜாதி. சுவாமிக்குச் செங்கலால் கட்டியதை மிராசுதார் தமக்கு மரத்தில் செய்துகொண்டார் என்பது என் அபிப்பிராயம். இரண்டும் ஒரே தத்துவம்: ஊரார் விளைவித்தது ஒரு வாய் வழியாக உள்ளே போய், ஒருவர் கையிலுள்ள சாவியால் வெளியே வருவது.

1942-ல் பர்மா ஜப்பான்காரன் கையில் விழுந்தது. பர்மா அரிசி நின்றது. பிறகு பத்து வருஷம் ரேஷனும் கொள்முதலும். மிச்ச நெல்லைச் சர்க்காருக்கு அளந்துவிட வேண்டும். அந்தரங்கமாக நின்ற பத்தாயத்துக்கு முதல் தடவையாக அந்நியர் வந்து நாடா பிடித்தார்கள். 1951-ல் எனக்கு ஏழு வயசு. இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். நீளம், அகலம், உயரம் எழுதிக்கொண்டு, கழியை உள்ளே விட்டுப் பார்த்து, மனக்கணக்காகக் கலம் சொன்னார்கள். பாட்டனார் அமைதியாக, 'அதில் பாதி விதை நெல்' என்றார். விதைக்கு விலக்கு உண்டு. விதை நெல் கொல்லை அறையில் தனியாகச் சாக்கில் கட்டியிருந்தது எனக்குத் தெரியும். 'தாத்தா, விதை நெல் அங்கேன்னா இருக்கு?' என்று வாயெடுத்தேன். பாட்டி என்னைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள். 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்ற பழமொழியை நான் பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

மறு வருஷம், 1952-ல், ராஜாஜி கட்டுப்பாட்டை எடுத்தார். வீட்டில் பாயசம் வைத்தார்கள். அதே வருஷம் அதே ராஜாஜியின் சர்க்கார் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்து, குத்தகைக்காரனுக்கு விளைச்சலில் 40 சதவீதம் என்றது. பாயசம் கசந்தது.

பத்தாயத்தோடு இரண்டு மரக்கால்களும் உண்டு. ஒன்று உள்ளே அளக்க, மற்றொன்று கூலி அளக்க. சாயங்காலத்தில் கொல்லைப்புற வாசலில் மடியை ஏந்திக்கொண்டு பெண்கள் நிற்பார்கள். பாட்டி தலை தட்டி அளந்து போடுவாள். அவள் கொடுமைக்காரியல்ல, பிள்ளை பெற்ற வீட்டுக்கு மிளகும் சுக்கும் கொடுத்தனுப்புவாள். எந்த மரக்காலால் அளக்கச் சொன்னார்களோ அதால் அளந்தாள். அவள் காலத்துக்கு அப்புறம் இரண்டையும் நான் அரிசி கொட்டிப் பார்த்தேன். ஓர் உழக்கு வித்தியாசம். கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால். ஆக கலத்துக்கு மூன்று படி. எத்தனை கலம், எத்தனை வருஷம் என்று பெருக்க உட்கார்ந்து, பாதியில் விட்டுவிட்டேன். 1968 டிசம்பர் 25-ந் தேதி இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்களே, அந்தத் தகராறு தொடங்கியது கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டதில்தான். எங்கள் ஊர் அங்கிருந்து வெகு தூரமில்லை. அன்று பாட்டனார் பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அப்புறம் பத்தாயத்துக்கு வேலை குறைந்துகொண்டே வந்தது. குறுகிய கால நெல் வந்தது. வருஷத்தில் இரண்டு போகம், கையில் உடனே காசு வேண்டும் உரத்துக்கு. 1972-ல் நுகர்பொருள் வாணிபக் கழகம் ஏற்பட்டு, கொள்முதல் நிலையங்கள் வந்தன. களத்திலிருந்து நெல் நேரே அங்கே போயிற்று. அரிசி கடையிலிருந்து பையில் வந்தது. காலிப் பத்தாயத்தில் முதலில் பழைய பித்தளைப் பாத்திரம், பிறகு கிழிந்த மெத்தை, பிறகு பூனைக்குட்டிகள். பக்கத்தில் ஒரு இரும்பு பீரோ வந்து நின்றது.

பாகப் பிரிவினையில் பத்தாயம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. பட்டணத்து வீட்டில் அதை வைத்தால் நாங்கள் வெளியே படுக்க வேண்டும். ஒரு வியாபாரி வந்தான், எடைக்கு விலை பேசுகிறவன் மாதிரி கையால் தட்டிப் பார்த்தான், ஒரு முன்பகலில் ஏழு அடுக்கையும் பிரித்து லாரியில் ஏற்றினான். அது நின்ற இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாக, சதுரமாக, புதுசாக இருந்தது. என் தம்பி அதில் நின்றுகொண்டு, 'இவ்வளவு இடமா அடைச்சிண்டிருந்தது?' என்றான்.

போன வருஷம் காரைக்குடிக்குப் போயிருந்தபோது முனீஸ்வரன் கோவில் தெருவில் பழஞ்சாமான் கடைகளைச் சுற்றினேன். ஒரு கடையில் அகலப் பலகைகளைச் சுவரில் சாத்தியிருந்தார்கள். ஓரத்தில் காடி. சாப்பாட்டு மேஜையாகப் போட்டால் எட்டுப் பேர் உட்காரலாம் என்றார் கடைக்காரர். இது என்ன மரம் என்று கேட்டேன்.

'சுத்தமான பர்மாத் தேக்கு சார். செட்டிநாட்டு வீட்டுக் கதவு.'

பலகையைப் புரட்டிப் பார்த்தேன். மூலையில் நாலு உளிக்கோடு. மரம் பலா. விலை மட்டும் தேக்கு விலை.