மூன்று வயல்களும் ஒரு மன்றமும்

இங்கிலாந்தின் வரலாறு என்றதும் அரசர்களும் போர்களும் நாடாளுமன்றமுமே நம் நினைவில் எழுகின்றன. அந்நாட்டின் குடியானவன் தன் ஊரை எவ்வாறு ஆண்டான் என்பதை அறிய விரும்புவோர் நாட்டிங்ஹாம்ஷயரிலுள்ள லாக்ஸ்டன் என்னும் சிற்றூருக்குச் செல்ல வேண்டும். 1086-ஆம் ஆண்டின் டூம்ஸ்டே கணக்கேட்டில் இடம்பெற்ற பழைய ஊர் அது. நார்மானியர் எழுப்பிய கோட்டையின் மண்மேடு இன்றும் அங்கே உண்டு. ஆயினும், அவ்வூரின் பெருமை கோட்டையில் இல்லை, வயலில் இருக்கிறது.

மேலை வயல், ஆலை வயல், தென் வயல் என மூன்று பெருவயல்கள். அவற்றில் வேலியில்லை. ஒவ்வொரு குடியானவனுக்கும் மூன்றிலும் நீண்ட கீற்றுக் கீற்றாக நிலம் சிதறிக் கிடக்கும். நல்ல மண்ணும் தாழ்ந்த மண்ணும் ஒருவனுக்கே சேர்ந்துவிடாதபடி முன்னோர் செய்த பங்கீடு இது. ஓராண்டு கோதுமை, மறு ஆண்டு வசந்த காலப் பயிர், மூன்றாம் ஆண்டு தரிசு என்பது முறை. பிற்காலத்தில் தரிசின் இடத்தைத் தீவனப் புல் பிடித்தது. வயல் முழுவதும் ஒரே முறைக்குக் கட்டுப்பட்டிருப்பதால், தன் கீற்றில் மட்டும் விரும்பியதை விதைக்க எவனுக்கும் உரிமையில்லை.

இவ்வாறு நிலம் பின்னிக் கிடக்கும் ஊரில் வழக்குகளுக்குப் பஞ்சமிராது. அடுத்தவன் கீற்றில் ஓர் அடி உழுதுவிட்டால் யார் கேட்பது? அதற்காகவே ‘கோர்ட் லீட்’ என்னும் மன்றம் ஏற்பட்டது. ஆண்டுதோறும் நவம்பர் இறுதியில், ஊரவரிலிருந்து தேர்ந்த ஜூரிகள் கோதுமை விதைத்த வயலைச் சுற்றி வருவர். பொதுப் பாதையை உழுதவர் யார், புல்வரம்பை அரித்தவர் யார் என்று பார்த்து, எல்லை தவறிய இடத்தில் முளைக்குச்சி அடிப்பர். அடுத்த வாரம் ஊர் விடுதியில் மன்றம் கூடும். நிலவுடைமையாளரின் காரியஸ்தர் தலைமை வகிப்பார். குற்றம் செய்தவருக்கு அபராதம் விதிக்கப்படும். தொகை சில பவுன்தான். அண்டை வீட்டார் முன்னிலையில் பெயர் வாசிக்கப்படுவதே பெருந்தண்டனை! அத்துமீறும் கால்நடைகளை அடைக்கக் கொண்டித் தொழுவமும், அதற்கொரு காவலனும் அவ்வூரில் இருந்ததுண்டு.

இத்தகைய வயல்கள் ஒரு காலத்தில் இங்கிலாந்தின் நடுப்பகுதி எங்கும் இருந்தன. அவற்றை அழித்தது வேலியடைப்பு. 1604 முதல் 1914 வரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வேலியடைப்பு மசோதாக்கள் நிறைவேறின. ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர் அடைபட்டது. விளைச்சல் பெருகியது உண்மை. ஆனால் பொது நிலத்தில் ஒரு பசுவை மேய்த்தும் சுள்ளி பொறுக்கியும் வாழ்ந்த ஏழை, கையில் ஆவணம் இல்லாததால் வெறுங்கையோடு நின்றான். சட்டம் இயற்றிய மன்றத்தில் அமர்ந்திருந்தோர் பெரும்பாலும் நிலக்கிழார்களே என்பதை மறந்துவிட்டு இவ்வரலாற்றைப் படிக்கலாகாது.

லாக்ஸ்டனிலும் ஒரு பகுதி அடைபட்டது. மிச்சம் தப்பியதற்கு, இரு பெருநிலக்கிழார்களும் நிலமாற்றத்தில் உடன்பாடு காணாமையே ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. பெரியோரின் பிணக்கு எளியோருக்கு நன்மையாக முடிவதும் உண்டு போலும்!

1635-இல் சர் வில்லியம் கோர்ட்டன் என்னும் செல்வ வணிகர், தாம் வாங்கிய இவ்வூரை மார்க் பியர்ஸ் என்பவரைக் கொண்டு அளந்து, கீற்று விடாமல் படம் வரையச் செய்தார். உழுவோரும் அறுப்போரும் சிறு சித்திரங்களாக அதில் காணப்படுகின்றனர். ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் அப்படம் இருக்கிறது.

ஊராட்சியின் மற்றொரு கிளையும் உண்டு. ஏழைகளுக்கு உதவுவதும் சாலை பேணுவதும் பன்னெடுங்காலம் தேவாலயப் பங்கின் சபையிடம் இருந்தன. 1894-ஆம் ஆண்டுச் சட்டம் உலகியல் பணிகளைத் தேவாலயத்தினின்று பிரித்து, தேர்தல் வழி அமையும் ஊர் மன்றங்களை ஏற்படுத்தியது. நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்க இயலாத பெண்கள் அம்மன்றங்களில் உறுப்பினராகவே அமரலாம் என்றது அச்சட்டம். லாக்ஸ்டனுக்கும் அத்தகைய மன்றம் உண்டு. அதற்கு மேல் மாவட்ட மன்றமும் கவுண்டி மன்றமும். ஆயினும் வயலைப் பற்றிய வழக்கு இவை எதற்கும் போவதில்லை. 1977-இல் பழைய மன்றங்களின் நீதி அதிகாரத்தை நாடாளுமன்றம் நீக்கியபோதும், லாக்ஸ்டனின் கோர்ட் லீட்டுக்கு விலக்களித்தது.

வழக்கம் நிலைத்தது, உடைமை நிலைக்கவில்லை. மேன்வர்ஸ் பிரபு குடும்பம் 1952-இல் ஊரை விவசாய அமைச்சகத்துக்கு விற்றது. 1981-இல் அது அரச எஸ்டேட்டின் கைக்கு வந்தது. 2018-இல் அந்நிறுவனமும் விற்கப்போவதாக அறிவித்தபோது குடியானவர்கள் கவலையுற்றனர். நிலத்தைத் துண்டாக்கி விற்றால் மன்றம் எதை ஆளும்? 2020-இல், பழைய பிரபு குடும்பத்தின் வழிவந்த தோர்ஸ்பி எஸ்டேட்டே அதனைத் திரும்ப வாங்கிற்று. திறந்த வயல் முறையைத் தொடர்வதாகவும் ஒப்புக்கொண்டது. மூன்று வயல்களும் பிரியாமல் ஒரே கைக்குச் சென்றன.