சொல்லாமல் இருக்கும் உரிமை யாருக்கு?

திருகோணமலை என்றதும் வெளியூர்ச் சனத்துக்குக் கோணேசர் கோயில், நிலாவெளி, கோட்டைக்குள் திரியும் மான்கள். ஆனால் அந்தத் துறைமுகத்தில், கடற்படைத் தளத்துக்குள்ளே, 'கன்சைட்' என்று ஓர் இடமும் இருக்கு. 2008இலும் 2009இலும் கொழும்பிலும் சுற்றுவட்டாரத்திலும் கடத்தப்பட்ட 11 பேர் அங்கே அடைத்து வைக்கப்பட்டார்கள் என்பது குற்றப்புலனாய்வுத் திணைக்களம் விசாரித்த வழக்கு. 2015 நவம்பரில் ஐ.நா.வின் காணாமலாக்கப்பட்டோர் செயற்குழு அந்த நிலத்தடி அறைகளை நேரில் பார்த்தது. அந்த 11 பேரும் இன்றுவரை வீடு திரும்பவில்லை.

விசாரணை தொடங்கிய கதை விசித்திரமானது. 2009 மே மாதம் அப்போதைய கடற்படைத் தளபதி வசந்த கரன்னகொட, தன் முன்னாள் பாதுகாப்பு அதிகாரி மீது தானே முறைப்பாடு கொடுத்தார். அதைத் தோண்டத் தோண்டக் கடத்தல்கள் வெளியே வந்தன. 2019இல் 14 பேர் மீது குற்றப்பத்திரம். அதில் கரன்னகொடவும் ஒருவர். குற்றச்சாட்டை அவர் மறுக்கிறார். 2021இல் சட்டமா அதிபர் அவர் மீதான வழக்கைத் தொடர்வதில்லை என்று முடிவெடுத்தார். அதே ஆண்டு டிசம்பரில் அவர் வடமேல் மாகாண ஆளுநர்!

சரி, உள்ளே நடந்தது யாருக்குத் தெரியும்? அங்கே வேலை செய்தவர்களுக்கு. அவர்களை வாய் திறக்க வைக்க முடியுமா? இங்கேதான் ஒரு பழைய சட்டக் கொள்கை குறுக்கே வருகிறது: தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது.

இது சும்மா வந்த கொள்கை இல்லை. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆளைப் பிடித்து, என்ன குற்றம் என்றே சொல்லாமல், 'கேட்பதற்கெல்லாம் உண்மை சொல்வேன்' என்று சத்தியம் செய்யச் சொல்வார்கள். 1637இல் கைதான ஜோன் லில்பேர்ன் என்ற இளைஞர் அதற்கு மறுத்தார். சவுக்கடி வாங்கியும் மசியவில்லை. அப்படிப்பட்டவர்கள் பட்ட அடியிலிருந்துதான் இந்த உரிமை முளைத்தது. அதாவது, இது பலமில்லாதவனுக்காக வந்த கேடயம்.

இலங்கைக்கு இது 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தோடு வந்தது. 25ஆம் பிரிவின்படி, பொலிசாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை நீதிமன்றத்தில் சாட்சியமாகக் காட்ட முடியாது. 132ஆம் பிரிவு கொஞ்சம் வித்தியாசமானது: சாட்சிக் கூண்டில் ஏறியவர், பதில் தன்னையே மாட்டிவிடும் என்று சொல்லித் தப்ப முடியாது, ஆனால் அப்படிக் கட்டாயத்தில் சொன்ன பதிலை வைத்து அவர் மீது வழக்குப் போடவும் முடியாது. ஒரு கொடுக்கல் வாங்கல்தான்.

பிறகு 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. அதன் 16ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் செல்லும் என்றது. அடித்து வாங்கினார்களா? அதை நிரூபிப்பது அடிவாங்கினவரின் பொறுப்பு! 1993இல் மட்டக்களப்பில் கைதான சிங்கராசாவின் வழக்கைப் பாருங்கள். சிங்களத்தில் தட்டச்சு செய்த ஒப்புதலில் அவருடைய பெருவிரல் அடையாளம். அந்த ஒரே கடதாசியை வைத்து 50 வருடச் சிறை. மேன்முறையீட்டில் அது 35 ஆனது. 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு, இது அவருடைய உரிமை மீறல் என்றது. 2006இல் இலங்கை உயர் நீதிமன்றம் அந்த முடிவை ஏற்க மறுத்தது.

தமிழ் இளைஞரின் கேடயத்தைச் சட்டமே பிடுங்கியது. சீருடைக்காரரின் கேடயம் அப்படியே இருக்கு.

இப்போது இன்னொரு சிக்கல். 132ஆம் பிரிவின் வாக்குறுதி இலங்கைக் கரையோடு முடிகிறது. கன்சைட்டில் கடமை பார்த்த ஒருவர் கொழும்பு நீதிமன்றத்தில் உண்மை சொன்னால், இங்கே அது அவருக்கு எதிராக வராது. வெளிநாட்டில்? சித்திரவதை எங்கே நடந்தாலும் விசாரிக்கச் சில நாடுகளின் சட்டம் இடம் தருகிறது. ஆப்கானிஸ்தானில் செய்த சித்திரவதைக்காக சர்தாத் என்ற ஆயுதக்குழுத் தலைவருக்கு 2005இல் லண்டன் நீதிமன்றம் 20 வருடச் சிறை கொடுத்தது.

அப்படியானால் 'வெளிநாட்டில் மாட்டிவிடுவேன்' என்ற பயத்துக்காக மௌனமாக இருக்கலாமா? இந்தக் கேள்வியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1998இல் பால்சிஸ் வழக்கில் சந்தித்தது. அவர் அமெரிக்காவில் குடியேறியவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் என்ன செய்தாய் என்று கேட்டபோது, லித்துவேனியாவிலோ இஸ்ரேலிலோ வழக்கு வரும் என்று சொல்லி வாய் திறக்க மறுத்தார். 7க்கு 2 என்ற கணக்கில் நீதிமன்றம் சொன்னது: அந்தப் பயத்துக்கு இந்த உரிமை பொருந்தாது, பதில் சொல்.

இது எங்களுக்கு ஏன் முக்கியம்? 2024 ஜனவரியில் உண்மை, ஒற்றுமை, நல்லிணக்க ஆணைக்குழுவுக்கான சட்டமூலம் வர்த்தமானியில் வந்தது. தென்னாபிரிக்காவின் 1995 சட்டம், தன்னை மாட்டிவிடும் கேள்விக்கும் பதில் சொல்லச் சாட்சியைக் கட்டாயப்படுத்தியது. பதிலாக அந்த வாக்குமூலத்தை அவருக்கு எதிராகப் பயன்படுத்தாத பாதுகாப்பைக் கொடுத்தது. இங்கேயும் அப்படி ஒன்று வந்தால், 'வெளிநாட்டில் பிடிப்பார்கள்' என்பதே பலருடைய முதல் சாட்டாக இருக்கும். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் அதற்காக வெளிநாட்டு வழக்குகளே கூடாது என்று கேட்பது வேறு கதை. உள்நாட்டில் கதவு பூட்டிக் கிடப்பதால்தானே சனம் வெளியே போய்த் தட்டுகிறது?

அடி வாங்கியவன் வாயிலிருந்து பொய்யைப் பிடுங்கக் கூடாது என்பதற்காகப் பிறந்த உரிமை இது. அந்த 11 பேரின் வீட்டாரும் கேட்பது ஒரே கேள்வி: அவர்களுக்கு என்ன நடந்தது? பதில் தெரிந்தவனை அடிக்கவும் வேண்டாம், மிரட்டவும் வேண்டாம். நீதிமன்றத்தில், வழக்கறிஞரோடு நிறுத்திக் கேளுங்கள். அவனுக்கு அந்தப் பாதுகாப்பெல்லாம் கட்டாயம் வேண்டும். அதே பாதுகாப்பு சிங்கராசாவுக்கும் கிடைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.