உயிரை வாங்கிய கோடு

‘சாயந்திரம் ஆறு மணி டெட்லைன்!’ என்கிறார் மேனேஜர். ‘கரன்ட் பில் கட்ட நாளைக்குத்தான் டெட்லைன்’ என்று வீட்டிலும் ஞாபகப்படுத்துகிறார்கள். ‘கெடு’ என்று சின்னதாகத் தமிழ் வார்த்தை இருந்தும், வாயில் வருவது டெட்லைன்தான். அது சரி, அதில் ‘டெட்’ எதற்கு? செத்தது யார்?

1864-ம் ஆண்டு. அமெரிக்காவில் வடக்கும் தெற்கும் மோதிக்கொண்ட உள்நாட்டுப் போர். பிடிபட்ட வடக்கு வீரர்களை அடைக்க, ஜார்ஜியாவில் ஆண்டர்சன்வில் என்ற இடத்தில் தெற்குப் படை ஒரு முகாம் திறந்தது. சுற்றிலும் உயரமான மரச்சுவர், நடுவே ஓர் ஓடை, மேலே வானம். அவ்வளவுதான் சிறை! 10,000 பேருக்கான இடத்தில், ஆகஸ்ட் மாதம் 32,000 பேருக்கு மேல் திணித்தார்கள்.

சுவரிலிருந்து சுமார் 19 அடி உள்ளே தள்ளி, குட்டைக் கம்பங்கள் நட்டு மேலே மரச்சட்டம் அடித்திருந்தார்கள். அதுதான் ‘டெட் லைன்’. தாண்டினால், ஏன், கையை நீட்டினாலே, பரண் மேல் நிற்கும் காவலாளி சுட்டுவிடலாம்!

தெரிந்தும் ஏன் கையை நீட்டினார்கள்? தண்ணீருக்காக! குளியல், கழிவு எல்லாமே அந்த ஒரே ஓடையில்தான். அது முகாமுக்குள் நுழைகிற இடத்தில் மட்டும் தண்ணீர் கொஞ்சம் தெளிவாக இருக்கும். அந்த இடமோ கோட்டுக்குப் பக்கத்தில்! ஒரு குவளை தண்ணீருக்காகக் குண்டடிபட்டுச் செத்தவர்கள் உண்டு. தப்பியவர்களை வயிற்றுப்போக்கும் பட்டினியும் பார்த்துக்கொண்டன. 14 மாதங்களில் அங்கே அடைபட்டவர்கள் சுமார் 45,000 பேர். இறந்தவர்கள் ஏறக்குறைய 13,000.

போர் முடிந்ததும் முகாம் அதிகாரி ஹென்றி விர்ஸ் மீது ராணுவ விசாரணை நடந்தது. குற்றச்சாட்டுகளில் இந்த டெட் லைனும் இருந்தது. 1865 நவம்பர் 10 அன்று வாஷிங்டனில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

வார்த்தை மட்டும் பிழைத்துக்கொண்டது! பின்னாளில் அச்சகத்துக்காரர்கள், எந்தக் கோட்டுக்கு வெளியே எழுத்துகளை வைத்தால் சரியாக அச்சாகாதோ, அதை டெட்லைன் என்றார்கள். 1920-களுக்குள் அமெரிக்கப் பத்திரிகை ஆபீஸ்களில், ‘இதற்குமேல் செய்தி வந்தால் அச்சேறாது’ என்கிற நேரத்துக்கு அந்தப் பெயர் வந்துவிட்டது. அங்கிருந்து உலகத்தின் எல்லா ஆபீஸ்களுக்கும்!

இப்போது டெட்லைனைத் தாண்டினால் திட்டு விழும். கெஞ்சிக் கேட்டால் ரெண்டு நாள் தள்ளியும் போடுவார்கள். ‘டெட்லைன் உயிரை வாங்குதுப்பா’ என்று நாம் சும்மா அலுத்துக்கொள்கிறோம். அந்த ஓடைக் கரையில் அது நிஜமாகவே வாங்கியது.